ஓராண்டில் நர்ஸ்: அமெரிக்காவில் விரைவு நர்சிங் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கையில் ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால் போதும். அது கணிதமோ, வணிகவியலோ, எலெக்ட்ரானிக்ஸோ, எதுவாக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் 11 முதல் 18 மாதங்களில் பி.எஸ்.என். எனப்படும் நர்சிங் இளங்கலைப் பட்டத்தை வாங்கிவிடலாம். இதற்கு ஆக்சிலரேட்டட் பி.எஸ்.என். என்று பெயர், சுருக்கமாக ஏ.பி.எஸ்.என். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கிவைத்த இந்த முறை இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 11 மாதம், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 15 மாதம், நார்த்ஈஸ்டர்னில் 16 மாதம் என்று கால அளவு இடத்துக்கு இடம் மாறும்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் என்றால் பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்து நான்கு வருடம் படிக்க வேண்டும். வேறு துறையில் பட்டம் வாங்கியவருக்கென்று தனிக் குறுக்கு வழி அங்கே கிடையாது. அதனால், பயோடெக்னாலஜியோ பி.இ.யோ முடித்துவிட்டு, கணவரின் வேலைக்காகவோ மனைவியின் வேலைக்காகவோ அமெரிக்கா வந்து, சில வருட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் வேலை தேடும் தமிழர் பலருக்கு இந்தப் படிப்பு ஒரு நல்ல கதவு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு 2024 மே மாதக் கணக்கில் சொல்வதன்படி, பதிவுபெற்ற நர்ஸ் ஒருவரின் இடைநிலை ஆண்டு வருமானம் 93,600 டாலர்.

ஆனால், '12 மாதத்தில் நர்ஸ் ஆகலாம்' என்ற விளம்பர வரியை வைத்து மட்டும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடிக்கிறார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் தேர்வில் முதல் முறையே தேறுகிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் தரும் கல்லூரிதான் உங்களுக்கு ஏற்றது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில்: இந்த வழிதான் உங்களுக்கு வேண்டுமா?

ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற நர்ஸ் ஆக, பட்டதாரிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி ஏ.பி.எஸ்.என். வேகம் அதிகம், செலவும் அதிகம். படிக்கும்போது வேலைக்குப் போக வேண்டாம் என்று பெரும்பாலான கல்லூரிகள் வெளிப்படையாகவே சொல்லிவிடும்.

இரண்டாவது வழி, கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். எனப்படும் இரண்டு வருட அசோசியேட் பட்டப் படிப்பு. எழுதுவது அதே லைசென்ஸ் தேர்வு, கிடைப்பது அதே ஆர்.என். லைசென்ஸ். கட்டணம் பல மடங்கு குறைவு. வேலையில் சேர்ந்தபின் ஆன்லைனில் பி.எஸ்.என். முடித்துக்கொள்ளலாம். ஒரு சிக்கல் உண்டு: பெரிய மருத்துவமனைகள் பல, புதிதாக வேலைக்கு எடுக்கும்போதே பி.எஸ்.என். கேட்கின்றன. இடம் கிடைக்கவும் சில ஊர்களில் நீண்ட நாள் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, நேரடி முதுகலை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கொலம்பியா போன்ற பல்கலைக்கழகங்களில் நர்சிங் படிக்காத பட்டதாரிகள் நேராக மாஸ்டர்ஸில் சேரலாம். தலைமைப் பொறுப்பு, ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்று போக நினைப்பவர்களுக்கு இது ஏற்றது. நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டும் என்றால் இந்த மாஸ்டர்ஸ் மட்டும் போதுமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் அதற்கு மேலும் படிக்க வேண்டியிருக்கும்.

கைக்குழந்தை இருக்கிறது, வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை, சம்பளமில்லாமல் ஒன்றரை வருடம் தாங்காது என்ற நிலையில் இருப்பவர்கள் ஏ.டி.என். பக்கம் போவதில் எந்தக் குறைவும் இல்லை. நோயாளியின் படுக்கைக்கு அருகே ஏ.டி.என். படித்தவரும் பி.எஸ்.என். படித்தவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

சேர்வதற்கு முந்தைய ஒரு வருடம்

12 மாதப் படிப்பு என்பார்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்களைச் சேர்த்தால் பலருக்கு இரண்டு வருடம் ஆகிவிடும். விளம்பரம் இதைச் சின்ன எழுத்தில்தான் சொல்லும். பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் முன்பாடங்கள் இவை:

- அனாடமி அண்ட் ஃபிசியாலஜி, இரண்டு பகுதிகள், லேபுடன்
- மைக்ரோபயாலஜி, லேபுடன்
- கெமிஸ்ட்ரி
- ஸ்டாட்டிஸ்டிக்ஸ்
- நியூட்ரிஷன்
- மனித வாழ்நாள் வளர்ச்சி பற்றிய சைக்காலஜி

இவற்றைக் கம்யூனிட்டி காலேஜில் படிப்பதுதான் மலிவு. சேர்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, காலாவதி: அறிவியல் பாடங்களை ஐந்து அல்லது ஏழு வருடங்களுக்குள் படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. பத்து வருடம் முன்பு மதுரையில் படித்த மைக்ரோபயாலஜியை இங்கே மறுபடி எழுத வேண்டியிருக்கலாம். இரண்டு, ஆன்லைன் லேப்: சில கல்லூரிகள் ஏற்கும், சில ஏற்காது. மூன்று, திரும்ப எழுதுதல்: ஒரு பாடத்தில் குறைந்த கிரேடு வாங்கினால் மறுபடி எழுதி உயர்த்தலாமா, எத்தனை முறை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

பொதுவாக ஜி.பி.ஏ. 3.0 கேட்பார்கள். அது வாசலைத் தாண்டுவதற்கான அளவு மட்டுமே. போட்டி அதிகமுள்ள இடங்களில் அதற்கும் மேலே இருப்பவர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். பழைய பட்டத்தில் மதிப்பெண் குறைவாக இருந்தால் மனம் தளர வேண்டாம். அறிவியல் முன்பாடங்களில் இப்போது வாங்கும் 'ஏ' கிரேடுகளைத் தேர்வுக் குழு தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரே பருவத்தில் நான்கு பாடங்களை அள்ளிப் போட்டுக்கொள்ளாமல், இரண்டு இரண்டாக எடுத்து நன்றாகச் செய்யுங்கள்.

இந்தியப் பட்டத்தை மதிப்பிட வைப்பது

இந்தியாவில் வாங்கிய பட்டத்தை டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் மூலம் அமெரிக்கக் கணக்குக்கு மாற்ற வேண்டும். பாடவாரியான மதிப்பீடு கேட்க வேண்டும். பட்டத்தை மட்டும் உறுதிசெய்யும் சுருக்க மதிப்பீடு இதற்குப் போதாது.

உங்கள் பல்கலைக்கழகம் டிரான்ஸ்கிரிப்டை உறையிட்டு முத்திரையிட்டோ மின்வழியிலோ தானே அனுப்ப வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் மார்க் ஷீட்டை நகலெடுத்து அனுப்பினால் செல்லாது. பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அலைந்து இதை அனுப்ப வைக்க ஊரில் ஒருவர் தேவைப்படலாம். அதனால் எல்லா வேலைக்கும் முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள்.

நான்கு வருட பி.இ., பி.டெக். பட்டங்களுக்குச் சிக்கல் வருவது அரிது. மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். பட்டங்களைச் சில மதிப்பீடுகள் முழு இளங்கலையாக ஏற்கும், சில ஏற்பதில்லை. கல்லூரி எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்கிறது, உங்கள் பட்டம் இளங்கலைக்கு நிகர் என்று எடுத்துக்கொள்ளுமா என்பதை மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். கேட்கும் கல்லூரிகள் உண்டு. அதையும் சேர்த்தே கேளுங்கள்.

விண்ணப்பத்தில் எது எடுபடும்?

நர்சிங்காஸ் என்ற பொது இணைய வாசல் வழியாகப் பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பலாம். சில கல்லூரிகள் தங்கள் தளத்திலேயே வாங்குகின்றன. வகுப்பு தொடங்குவதற்கு ஒன்பது மாதம், ஒரு வருடம் முன்பே கடைசித் தேதி முடிந்துவிடும் இடங்கள் உண்டு. விண்ணப்பம் வர வர இடம் ஒதுக்கும் கல்லூரிகளில் முந்தி அனுப்புகிறவருக்கே வாய்ப்பு.

டீஸ் அல்லது ஹெசி ஏ2 நுழைவுத் தேர்வைப் பல கல்லூரிகள் கேட்கின்றன. கணிதம் நமக்குப் பிரச்சினை இல்லை என்று எண்ணி அறிவியல் பகுதியை மட்டும் படிப்பவர்கள், வாசிப்புப் பகுதியிலும் ஆங்கில இலக்கணத்திலும் மதிப்பெண்ணை இழந்துவிடுகிறார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். எத்தனை முறை எழுதலாம், இரண்டு முறைக்கு இடையே எத்தனை நாள் இடைவெளி என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சிபாரிசுக் கடிதங்கள் இரண்டு அல்லது மூன்று தேவைப்படும். ஊரில் உங்களுக்குப் பாடம் நடத்திய துறைத் தலைவர் பெரிய மனிதராக இருக்கலாம். பத்து வருடமாக உங்களைப் பார்க்காதவர் எழுதும் கடிதம் எடுபடாது. இங்கே முன்பாடம் நடத்திய பேராசிரியரும், நீங்கள் தன்னார்வத் தொண்டு செய்யும் இடத்தின் மேற்பார்வையாளரும் எழுதினால் அதற்கு எடை அதிகம். அதற்காகவாவது வகுப்பில் முன்வரிசையில் உட்காருங்கள். பேராசிரியரின் அலுவலக நேரத்தில் போய்ச் சந்தேகம் கேளுங்கள்.

கட்டுரைதான் உங்களைத் தனியாகக் காட்டும் இடம். 'சிறு வயதிலிருந்தே பிறருக்குச் சேவை செய்ய ஆசை' என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். நர்ஸின் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டுங்கள். மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு அந்த வேலை முடிவதில்லை. நோயாளியின் நிலை சரியத் தொடங்குவதை முதலில் கவனிப்பவர், டாக்டரை அழைத்துத் தெளிவாகச் சொல்பவர், வீட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பவர் நர்ஸ்தான். உங்கள் பழைய தொழில் இதற்கு எப்படி உதவும் என்று ஒரு உண்மையான நிகழ்வோடு சொல்லுங்கள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்தவருக்குப் பிழையைத் தேடும் கண் இருக்கும். பள்ளி ஆசிரியருக்குப் புரியவைக்கும் பொறுமை இருக்கும். படிப்பிலோ வேலையிலோ இடைவெளி இருந்தால் ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முடிந்தால் சி.என்.ஏ. எனப்படும் உதவி நர்ஸ் பயிற்சியை முடியுங்கள். மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம். சில வாரங்களில் முடியும். வேலை செய்ய அனுமதி இல்லாதவர்கள் மருத்துவமனையிலோ ஹாஸ்பிஸிலோ முறையான தன்னார்வலராகச் சேரலாம். விண்ணப்பத்துக்கு மட்டுமல்ல, உங்கள் முடிவுக்கும் இது உதவும். முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கையைச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த நாளும் அதே வேலைக்கு மனம் ஒப்பிப் போக முடிகிறதா என்று பாருங்கள். 'இன்ஜினீயரிங் படித்துவிட்டு நர்ஸ் வேலையா?' என்று ஊரிலிருந்து வரும் கேள்விக்கும் அப்போது உங்களிடமே உறுதியான பதில் இருக்கும்.

கல்லூரியைச் சல்லடை போடும் ஐந்து சோதனைகள்

ஒன்று: அங்கீகாரம். மாநில நர்சிங் போர்டின் அனுமதி இல்லாத படிப்பை முடித்தால் லைசென்ஸ் தேர்வே எழுத முடியாது. அதற்கு மேல் சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். போன்ற அமைப்பின் தேசியத் தர அங்கீகாரம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேற்படிப்புக்கும் பல மருத்துவமனை வேலைகளுக்கும் கதவு அடைபடும். இரண்டையும் அந்தந்த அமைப்பின் தளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்ப வேண்டாம். 2023 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு வெளிக்கொண்டுவந்த 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' வழக்கில், புளோரிடாவின் மூன்று நர்சிங் பள்ளிகள் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டது தெரியவந்தது. 'வகுப்புக்கு வர வேண்டாம், சான்றிதழ் தருகிறோம்' என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: தேர்ச்சி விகிதம். லைசென்ஸ் தேர்வின் பெயர் என்கிளெக்ஸ். கணினியில் 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். 2023 ஏப்ரலிலிருந்து, நோயாளியின் நிலையை அலசி முடிவெடுக்க வைக்கும் புது வகைக் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் படித்து முதல் முறை எழுதியவர்களில் 2024-ல் சுமார் 91 சதவீதம் பேர் தேறினார்கள். கல்லூரிவாரியான விகிதத்தை மாநில போர்டுகள் வெளியிடுகின்றன. ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று, நான்கு வருடங்களை வரிசையாகப் பாருங்கள். தொடர்ந்து 80-க்குக் கீழே இருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

மூன்று: முடிப்பவர்கள் எத்தனை பேர்? தேர்ச்சி விகிதம் மட்டும் ஏமாற்றிவிடக்கூடும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முதல் கல்லூரியில் 100 பேர் சேர்கிறார்கள். 70 பேர் நேரத்தில் முடிக்கிறார்கள். அவர்களில் 95 சதவீதம் தேர்ச்சி. நர்ஸ் ஆனவர்கள் சுமார் 66 பேர். இரண்டாவது கல்லூரியிலும் 100 பேர் சேர்ந்து, 92 பேர் முடிக்கிறார்கள். 90 சதவீதம் தேர்ச்சி. நர்ஸ் ஆனவர்கள் சுமார் 83 பேர். விளம்பரத்தில் மின்னுவது முதல் கல்லூரி. நீங்கள் சேர வேண்டியது இரண்டாவது. இதோடு சேர்த்து இன்னும் மூன்று கேள்விகள்: ஒரு பாடத்தில் தோற்றால் அடுத்த வகுப்புக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? எத்தனை பாடத்தில் தோற்றால் வெளியேற்றுவார்கள்? கடைசியில் ஒரு எக்ஸிட் எக்ஸாம் வைத்து, அதில் தேறாதவரின் பட்டத்தை நிறுத்திவைப்பார்களா?

நான்கு: கிளினிக்கல் எங்கே? மருத்துவமனைப் பயிற்சிக்கான இடங்களைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா, எந்த மருத்துவமனைகள், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், இரவுப் பணியும் வார இறுதியும் உண்டா என்று கேளுங்கள். பிரசவம், குழந்தைகள், மனநலம் ஆகிய பிரிவுகளுக்குத்தான் இடம் கிடைப்பது கடினம். இந்த மூன்றையும் நேரில் தருகிறார்களா, லேபில் பொம்மையை வைத்து முடித்துவிடுகிறார்களா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? கடைசிப் பருவத்தில் ஒரே நர்ஸுடன் இணைந்து பணிபுரியும் பிரிசெப்டர் பயிற்சி உண்டா? அந்த வார்டிலேயே முதல் வேலை கிடைத்தவர்கள் ஏராளம்.

ஐந்து: 'ஆன்லைன்' என்றால் என்ன? பாடம் ஆன்லைனில், லேபும் கிளினிக்கலும் நேரில் என்ற கலப்பு முறை பரவியிருக்கிறது. முறையாக நடத்தினால் நல்ல முறைதான். ஆனால், இத்தகைய படிப்புகள் பலவற்றின் விளம்பரத்தையும் சேர்க்கையையும் பல்கலைக்கழகம் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கும். உங்களுக்குத் தினமும் போன் செய்யும் ஆலோசகர் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம். அவர் சொல்வதைக் கேளுங்கள். முடிவெடுக்கும் முன் நர்சிங் துறை ஆசிரியர் ஒருவரிடமும், இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் இருவரிடமும் பேசுங்கள். வேறு மாநிலத்தில் வேலை செய்யப் போவதாக இருந்தால், இந்தப் படிப்பு அங்கே செல்லுமா என்று அந்த மாநில போர்டிடம் கேளுங்கள். நர்ஸ் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இணைந்திருக்கின்றன. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் இல்லை.

பணம்: சேரும் முன்பே முழுக் கணக்கு

தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் மட்டும் 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்வாசிக் கட்டணம் கிடைத்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். யூனிஃபார்ம், தடுப்பூசி, பின்னணிச் சோதனை, தேர்வுக் கட்டணம், கார், குழந்தைக் காப்பகம், ஒன்றரை வருடம் சம்பளமில்லாத வீட்டுச் செலவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் ஃபாஃப்ஸா விண்ணப்பம் மூலம் மத்திய அரசுக் கடன் கேட்கலாம். ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் இருப்பதால் பெல் கிராண்ட் உதவித்தொகை கிடைக்காது. இந்தியப் பட்டமும் இந்தக் கணக்கில் சேரும். பெற்றோரைச் சாராத மாணவருக்குக் கடன் வரம்பு கல்வியாண்டுக்கு 12,500 டாலர். பழைய பட்டத்துக்கு இங்கே கடன் வாங்கியிருந்தால், மொத்த வரம்பான 57,500-ல் மீதி எவ்வளவு என்று பாருங்கள். மத்திய அரசின் நர்ஸ் கோர் உதவித்தொகை கட்டணத்தைக் கட்டி, மாதப்படியும் தருகிறது. படித்து முடித்ததும் நர்ஸ் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் பணியாற்ற வேண்டும். மருத்துவமனைகளே கட்டணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பகுதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

விசா: தமிழ்க் குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் படிக்கத் தடை இல்லை. வேலை செய்யத் தடை உண்டு. துணைவரின் ஐ-140 எனப்படும் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டு, உங்களுக்கு எச்-4 இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி கிடைத்திருந்தால் நர்ஸாக வேலை செய்யலாம். இல்லையென்றால் லைசென்ஸ் கையில் இருந்தும் வீட்டில் இருக்க நேரும். சில மாநிலங்களில் லைசென்ஸுக்கே சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். எஃப்-1 மாணவர் விசாவில் படித்தால் முடித்ததும் ஓ.பி.டி. எனப்படும் 12 மாத வேலை அனுமதி கிடைக்கும், நர்சிங் ஸ்டெம் பட்டியலில் இல்லாததால் நீட்டிப்பு கிடையாது. சாதாரண ஆர்.என். வேலைக்கு எச்-1பி கிடைப்பது கடினம். நர்ஸ்களுக்கு 'ஷெட்யூல் ஏ' சலுகையால் கிரீன் கார்டு வழியில் தொழிலாளர் சான்றிதழ் கட்டம் இல்லை. ஆனாலும் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை மிக நீளம். முன்பணம் கட்டும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அந்தக் கட்டணம் வீண் செலவு ஆகாது.

இடம் கிடைத்த பிறகு

வகுப்பு தொடங்கும் முன்பே ஹெபடைடிஸ் பி, அம்மை ஆகியவற்றுக்கான எதிர்ப்புச் சக்தி ரத்தப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை, பி.எல்.எஸ். எனப்படும் அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ், போதைப்பொருள் சோதனை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் புதிதாகப் போட வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் ஆகும். சிறுவயதில் பி.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குத் தோலில் போடும் காசநோய்ச் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம். ரத்தப் பரிசோதனையாகக் கேளுங்கள்.

வீட்டில் வேலைகளையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டிய நாளில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது யார், தேர்வு வாரத்தில் சமையல் யார் பொறுப்பு என்பதெல்லாம் சேரும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை. படிப்பு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே நர்ஸ் ரெசிடென்சி திட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள். முதல் வருடம் முழுக்கப் புது நர்ஸுக்குத் துணை நிற்கும் திட்டங்கள் அவை.

இந்த வாரமே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். உங்கள் மாநில நர்சிங் போர்டின் தளத்துக்குப் போய் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளையும் அவற்றின் தேர்ச்சி விகிதங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஊரில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு விண்ணப்பியுங்கள். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் அடுத்த பருவத்துக்கு அனாடமி வகுப்பு எப்போது என்று கேளுங்கள். முன்தயாரிப்பில் ஆறு மாதம் கூடினால் நஷ்டமில்லை. தவறான கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றால் பணமும் நம்பிக்கையும் சேர்ந்தே போகும். பொறுத்துத் தேர்ந்தெடுங்கள், சேர்ந்தபின் முழு மூச்சாகப் படியுங்கள்.